டர்போ எஞ்சினும் விரைவுக் கார் தேர்வும்

மோட்டார் காரின் விரைவை அதன் குதிரைச் சக்தியைக் கேட்டு மதிப்பிடுவது நெடுநாளாக வழங்கிவரும் முறை. எஞ்சின்கள் யாவும் ஏறத்தாழ ஒரே விதமாகக் காற்றை உட்கொண்ட காலத்தில் இம்முறை போதுமானதாயிருந்தது. இன்று அவ்வாறில்லை. 2010ஆம் ஆண்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ காரின் ஒரு வகையில் 1.6 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின் இருந்தது. 2013ஆம் ஆண்டில் அதே காரில் ஜி.டி. டி.எஸ்.ஐ. என்னும் வகை வந்தபோது அதன் எஞ்சின் 1.2 லிட்டரே. இரண்டுக்கும் குறிக்கப்பட்ட சக்தி ஒன்றே: 105 குதிரைச் சக்தி. எனினும் இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் அவை ஒரே தன்மையுடையவை என்று சொல்லமாட்டார்கள்.

வேறுபாடு முறுக்கு விசையில் உள்ளது. பெரிய எஞ்சின் தன் உச்ச முறுக்கு விசையான 153 நியூட்டன்-மீட்டரை, நிமிஷத்துக்குச் சுமார் 3,800 சுற்றுக்களை எட்டிய பிறகே தந்தது. சிறிய எஞ்சினோ சுமார் 1,500 சுற்றுக்களிலேயே 175 நியூட்டன்-மீட்டர் தந்தது. முறுக்கு விசையைச் சுற்றுக்களின் எண்ணிக்கையால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் சக்தி கிலோவாட்டில் கிடைக்கும். ஆசிரியர்கள் இக்கணக்கை மாணவர்களைக் கொண்டே போட்டுப் பார்க்கச் செய்யலாம். 1,500 சுற்றுக்களில் சிறிய எஞ்சின் ஏறத்தாழ 27.5 கிலோவாட், அதாவது 37 குதிரைச் சக்தி தருகிறது. பெரிய எஞ்சின் அந்நிலையிலேயே தன் உச்ச முறுக்கு விசையைத் தருவதாக வைத்துக்கொண்டாலும் 33ஐத் தாண்டாது. உண்மையில் இன்னும் குறைவாகவே தரும். விளம்பரத்தில் அச்சாகும் எண் உச்ச நிலைக்கு உரியது. நாம் அன்றாடம் வண்டி ஓட்டுவதோ அதற்கு மிகக் கீழான நிலையில்.

இது எவ்வாறு இயலுகிறது? ஒரு கிராம் பெட்ரோல் முழுதும் எரியச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். ஆகவே எஞ்சினின் சக்திக்கு எல்லை வகுப்பது, சிலிண்டருக்குள் எவ்வளவு காற்றைப் புகுத்த முடியும் என்பதே. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழிறங்கும்போது வளி மண்டல அழுத்தமே காற்றை உள்ளே தள்ளுகிறது. டர்போ எஞ்சினில், வீணே வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே செலுத்துகிறது. ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பொறியியலாளர் ஆல்ஃபிரட் பூஷி இம்முறைக்கு 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

ஆனால் அமுக்கிய காற்று சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறியாதவர் இல்லை. கோடையில் 40 டிகிரி வெப்பமுள்ள காற்றை 1.8 மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், இழப்பு ஏதுமில்லை என்று கொண்டாலும் அதன் வெப்பநிலை 97 டிகிரியை எட்டும். இச்சூட்டில் பெட்ரோல்-காற்றுக் கலவை உரிய நேரத்துக்கு முன்னரோ, ஒழுங்கின்றியோ எரிந்து பிஸ்டனைத் தாக்கும். எனவே காற்றைக் குளிர்விக்கத் தனி ரேடியேட்டர் ஒன்று தேவைப்படுகிறது. டர்போ எஞ்சினின் வரலாறு முழுவதும் இவ்வெப்பத்தோடு நடத்திய போராட்டமே எனலாம்.

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் டர்போ கார்களுள் ஒன்று. 3.5 லிட்டர் எஞ்சினில் 215 குதிரைச் சக்தி பெற, வாலை வடித்த நீரும் மெதனாலும் கலந்த ஒரு திரவத்தைக் காற்றோடு தெளித்து அவர்கள் சூட்டைத் தணித்தனர். திரவம் தீர்ந்தால் டர்போவின் அழுத்தம் தானே குறைக்கப்படும். பொறியியல் முறையில் குறையில்லாத ஏற்பாடுதான்; ஆயினும் வண்டிக்காரர்கள் பலர் அத்தொட்டியை நிரப்ப மறந்தனர். பின்னர் பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்தினார்கள். அக்காரில் தோற்றது எஞ்சின் அன்று, பராமரிப்பு.

இன்றைய வண்டிகளில் தொட்டி நிரப்பும் வேலை இல்லை. மின்னணுக் கட்டுப்பாடும், சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறையும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. 2015ஆம் ஆண்டில் போர்ஷே 911 கரேரா காரும் இயற்கையாக மூச்சுவிடும் எஞ்சினைக் கைவிட்டு, 3 லிட்டர் இரட்டை டர்போவுக்கு மாறிவிட்டது. எனினும் சொந்தக்காரரின் கடமை மறையவில்லை. எஞ்சின் எண்ணெய்க்கு இடம் மாறியிருக்கிறது. டர்போவின் அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுக்களில் சுழல்வது. அதன் ஒரு முனையில் 900 டிகிரிக்கும் மேற்பட்ட சூடுள்ள புகை மோதக்கூடும். இவ்விரண்டுக்கும் நடுவே அச்சைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே. மாற்ற வேண்டிய காலத்துக்குப் பின்னும் விடப்பட்ட எண்ணெய், சாதாரண எஞ்சினை மெல்லத் தேய்க்கும். டர்போவையோ விரைவில் அழித்துவிடும். மலையேறி வந்த வண்டியை உடனே நிறுத்தாமல் ஓரிரு நிமிஷம் மெதுவாக ஓடவிடும் பழக்கம் இன்றும் பயனுள்ளதே.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. எரிபொருளை மிச்சப்படுத்த, விரைவில் மேல் கியருக்கு மாறுமாறு கற்பிக்கிறோம். இது சரியே. ஆனால் நேர்ப் பீய்ச்சல் டர்போ எஞ்சினை மேல் கியரில், மிகக் குறைந்த சுற்றுக்களில் ஓடவிட்டுக்கொண்டே ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்தால், கலவை பொறிக்கு முன்பே தீப்பற்றி பிஸ்டனையே உடைக்கக்கூடும். 2018ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் எண்ணெய்த் தரங்களில் இத்தீங்குக்கெனத் தனிச் சோதனை சேர்த்திருப்பதிலிருந்தே இதன் முக்கியத்துவம் விளங்கும். முந்த வேண்டுமானால் முதலில் ஒரு கியர் இறக்குக. மேலும், இவ்வெஞ்சின்களில் பெட்ரோல் உள்வால்வின்மேல் படிந்து அதைக் கழுவுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே கரி படிகிறது. அதை நீக்கும் செலவையும் பழைய வண்டி வாங்குவோர் கணக்கில் சேர்க்கவேண்டும்.

எரிபொருளும் மாறிவிட்டது. 2025ஆம் ஆண்டில் இந்தியப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றலும், எத்தனாலில் 21 மெகாஜூலும் உள்ளன. ஆகவே கலப்பற்ற பெட்ரோலைவிட இக்கலவையின் ஆற்றல் ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. முன்பு வழங்கிய 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் குறைவு அதில் பாதியே. மறுபுறம், எத்தனால் சிலிண்டரைக் குளிர்வித்து ஒழுங்கற்ற எரிதலைத் தடுக்கும் குணமுடையது. அதற்கெனவே வடிவமைத்த டர்போ எஞ்சினுக்கு அது உற்ற துணை. ஆனால் 2023க்கு முன் செய்யப்பட்ட வண்டிகளில் பல, இக்கலப்பை எண்ணி உருவாக்கப்பட்டவை அல்ல. அவற்றின் ரப்பர்க் குழாய்களையும் அடைப்புக்களையும் சோதித்துக்கொள்வது நலம்.

மலைப் பகுதிகளில் பணியாற்றுவோருக்கு டர்போவினால் உண்மையான நன்மை உண்டு. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. சாதாரண எஞ்சினின் சக்தியும் ஏறக்குறைய அவ்வளவே குறையும். டர்போ தன் எல்லைக்குள் இன்னும் வேகமாகச் சுழன்று இக்குறையின் பெரும்பகுதியை ஈடுசெய்கிறது. சமவெளியில், சிறு தூரங்களுக்கே வண்டியை எடுப்பவர்களுக்கும், நேரம் தவறாமல் எண்ணெய் மாற்ற வசதியில்லாதவர்களுக்கும், பழைய இயற்கை மூச்சு எஞ்சினே ஏற்றது என்பது எம் கருத்து. அதை உயர்ந்த சுற்றுக்களுக்கு ஏற்றி ஓட்டுவதிலும் ஒரு தனி இன்பம் உண்டு.

பழைய டர்போ காரைப் பார்க்கச் செல்வோர், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும் காலை வேளையில் செல்லுதல் வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லலாம். முதன்முறை இயக்கும்போது நீல நிறப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். எண்ணெய் மாற்றிய தேதிகளும், ஊற்றிய எண்ணெயின் தரமும் குறித்த ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். கூடுதல் சக்திக்காக எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டை யாரேனும் மாற்றியமைத்தார்களா என்பதையும் நேராகவே கேட்டுவிடலாம். மாற்றியிருந்தால், அச்சக்தியைப் பெறுவதற்காக முன்னிருந்தவர் செலவழித்தது எஞ்சினின் ஆயுளையே.