தாடைக்குக் கீழ் தொங்குவது தோலா, கொழுப்பா? பணம் கொடுக்குமுன் தெரிந்துகொள்ளுங்கள்

"என்னம்மா, டபுள் சின் வந்துடுச்சு போல?"

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அத்தை கேட்டிருப்பார். இல்லாவிட்டால், நண்பரின் திருமணப் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்து நீங்களே நினைத்திருப்பீர்கள்.

அதைப் பற்றி ஒரு முறை தேடினால் போதும். தாடைப் பயிற்சி, முகத்தை இறுக்கும் பட்டை, "ஒரே முறையில் பலன்" என்று சொல்லும் சிகிச்சை என்று கைத்தொலைபேசியில் வரிசையாக வந்து நிற்கும்.

இவற்றில் எது உண்மையில் உதவும்? அதற்கு முன்னர் இன்னொரு கேள்விக்குப் பதில் வேண்டும். அங்கே தொங்குவது என்ன?

முதலில் கண்ணாடியைப் பாருங்கள்

நேராக நின்று, தாடைக்குக் கீழே இருப்பதை விரல்களால் மெதுவாகக் கிள்ளிப் பாருங்கள்.

- தடிப்பாக, மெத்தென்று இருந்தால் பெரும்பாலும் கொழுப்பு.
- மெல்லிய துணிபோல் மடிந்தால் தோல் தளர்ந்திருக்கலாம்.
- உதட்டைக் கீழ்நோக்கி இறுக்கி இழுக்கும்போது கழுத்தில் நெடுக்காகக் கோடுகள் எழும்பினால், அவை பிளாட்டிஸ்மா எனும் மெல்லிய தசையின் பட்டைகள்.
- தலையை நிமிர்த்தியதும் எதுவுமே இல்லையா? அப்போ குற்றவாளி கேமராதான். கீழிருந்து எடுக்கும் செல்ஃபியில் யாருக்கும் தாடை இரண்டாகத் தெரியும்.

இருபதுகளில் இருப்போருக்குத் தோல் அதிகம் தொங்குவதில்லை. பெரும்பாலும் கொழுப்பு, பரம்பரை அல்லது பின்தள்ளிய சிறிய மோவாய்தான் காரணம். ஒல்லியானவர்களுக்கும் டபுள் சின் இருக்கலாம்.

இந்த வேறுபாடு முக்கியம். தோலை இறுக்கும் சிகிச்சை கொழுப்பைக் கரைக்காது. தோல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும்போது கொழுப்பை மட்டும் எடுத்தால் தொய்வு இன்னும் அதிகமாகத் தெரியலாம்.

தோல் ஏன் தளர்கிறது?

தோலை உறுதியாக வைத்திருப்பவை கொலாஜன், எலாஸ்டின் எனும் இழைகள். வயதாக ஆக அவை குறைகின்றன. தாடை எலும்பும் சிறுத்துப்போகிறது. வெயிலும் புகைப்பழக்கமும் இதை வேகப்படுத்துகின்றன.

எடை மளமளவென்று குறைந்தாலும் தோல் தொய்ந்துபோகலாம். எடை குறைப்பு ஊசி போட்டுக்கொள்ளும் சிலரின் முகம் வாடித் தெரிவதற்கும் அதுவே காரணம்.

பயிற்சி செய்தால் குறையுமா?

முகப் பயிற்சி பற்றி அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2018ஆம் ஆண்டில் வெளியானது. 40 முதல் 65 வயது வரையிலான பெண்கள் 20 வாரம் பயிற்சி செய்தனர். முதல் 8 வாரம் தினமும் அரை மணி நேரம்.

கன்னங்கள் சற்று நிறைவாகத் தெரிந்தன. ஆனால் இறுதிவரை தொடர்ந்தவர்கள் 16 பேர்தான். தாடைக்கும் கழுத்துக்கும் பலன் கிடைக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஓர் இடத்துக்கு மட்டும் பயிற்சி செய்து அந்த இடத்துக் கொழுப்பைக் கரைக்கவும் முடியாது. மொத்த எடை குறைந்தால் தாடையிலும் குறையலாம். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி வைக்கும் "மியூவிங்" தாடையைச் செதுக்கும் என்பதற்கும் நம்பகமான ஆதாரம் இல்லை.

முகத்தில் கட்டும் பட்டை? கழற்றிய கொஞ்ச நேரத்தில் பழைய நிலைதான்.

விலை குறைந்த, உறுதியான வழி

சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லந்து மாநிலத்தில் 900க்கும் அதிகமானோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2013இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களிடம், நான்கரை ஆண்டில் தோல் முதுமையடைவது மற்றவர்களைவிட 24 விழுக்காடு குறைவாக இருந்தது.

சிங்கப்பூரில் நண்பகல் வேளையில் புற ஊதாக் கதிர்க் குறியீடு அடிக்கடி மிக உயர்ந்த அளவைத் தொடுகிறது. முகத்தில் பூசும்போது தாடைக்குக் கீழும் கழுத்திலும் பூசுங்கள். நம்மில் பலர் மறப்பது அந்த இடத்தைத்தான்.

ரெட்டினால் உள்ள கிரீம்கள் நாளடைவில் மெல்லிய சுருக்கங்களைக் குறைக்கலாம். தொங்கும் சதையை அவை தூக்கி நிறுத்தாது. கர்ப்பிணிகள் அவற்றைத் தவிர்க்கவேண்டும்.

ஊசி, ஹைஃபு, அறுவைச் சிகிச்சை

கொழுப்பைக் கரைக்கும் ஊசி: டியாக்சிகோலிக் அமிலம் கொழுப்பு அணுக்களை அழிக்கிறது. தாடைக்குக் கீழ் போடுவதற்கு அமெரிக்கா 2015இல் இதற்கு ஒப்புதல் தந்தது. வீக்கம், மரத்துப்போதல் ஆகியவை சகஜம். நரம்பு பாதிக்கப்பட்டால் சிரிப்பு சில காலம் கோணலாகலாம். தளர்ந்த தோலுக்கு இது தீர்வல்ல.

ஹைஃபு: ஒலி அலைகள் தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் வெப்பத்தை உண்டாக்கும். அந்தச் சிறு காயம் ஆறும்போது புதிய கொலாஜன் உருவாகும். பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். லேசான தொய்வுக்கு ஓரளவு உதவும். தவறாகச் செய்தால் தீக்காயம், நரம்புப் பாதிப்பு ஏற்படலாம். முகத்துக்குத் தேவையான கொழுப்பும் கரைந்து, கன்னம் ஒட்டிப்போகலாம்.

அறுவைச் சிகிச்சை: தோல் அதிகமாகத் தொங்கினால் கணிசமான மாற்றம் தருவது இதுதான். மற்ற வழிகளைவிடச் செலவும் ஆபத்தும் கூடுதல். குணமடையவும் நாளாகும்.

யார் செய்யலாம்?

சிங்கப்பூரில் இத்தகைய ஊசிகளை மருத்துவர்தான் போடவேண்டும். ஹைஃபு சாதனமும் மருத்துவர்கள் பயன்படுத்துவதற்கே உரியது. "பக்கத்து அழகு நிலையத்தில் பாதி விலை" என்று யாராவது சொன்னால் உஷார்.

- மருத்துவரின் பெயரைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள்.
- சாதனத்தின் அல்லது மருந்தின் பெயரைக் கேளுங்கள்.
- பலன் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன, பக்கவிளைவு வந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள்.
- "இன்னிக்கு மட்டும்தான் இந்த விலை" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நாளைக்கும் உங்கள் தாடை அங்கேதான் இருக்கும்.

அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு மெடிசேவைப் பயன்படுத்த முடியாது. முழுச் செலவும் உங்கள் கையிலிருந்துதான்.

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், கையில் தட்டுப்படும் கட்டி, விழுங்கச் சிரமம், குரல் மாற்றம்... இவை இருந்தால் அது அழகுப் பிரச்சினை அல்ல. தைராய்டு, நிணநீர்க் கணு அல்லது உமிழ்நீர்ச் சுரப்பி தொடர்பானதாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள்.

மற்றபடி, கிள்ளிப் பார்த்ததில் பெரிதாக எதுவும் இல்லையென்றால் ஒரு சன்ஸ்கிரீன் வாங்கினால் போதும். அத்தை மறுபடியும் கேட்டால், "அது உங்க பக்கத்துப் பரம்பரைதான், அத்தை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.