சிக்கிம் ட்ரெக் போக எல்.டி.ஏ. கிளெய்ம் பண்ணலாமா?

மலை, ஏரி, பனியாறுன்னு ட்ரெக் போக ஆசைப்பட்டா முதல்ல காஷ்மீர்தான் ஞாபகம் வரும். ஆனா அங்க ஏரிகள் ட்ரெக் சீசன் ஜூலையிலிருந்து செப்டம்பர் நடு வரை. சிவகாசியில அப்பத்தான் ஆடி 18-க்கு காலண்டர் ஆல்பம் வெளியாகும், பட்டாசு ஆபீஸ்ல தீபாவளி லோடு ஓடும். யார் லீவு தருவா?

நம்ம ஊருக்குத் தோதானது சிக்கிமின் கோச்சாலா. யுக்சம்ல நடக்க ஆரம்பிச்சு சோங்ரி வழியா சமிதி ஏரி, அதைத் தாண்டினா 8,586 மீட்டர் கஞ்சன்ஜங்காவின் தரிசனம். சீசன் ஏப்ரல்-மே, இல்லைன்னா அக்டோபர்-நவம்பர். 2026 தீபாவளி நவம்பர் 8. அதுக்கப்புறம் கிளம்பினா குளிர் கடுமையா இருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். "பழைய வரி முறைக்கு மாறு, எல்.டி.ஏ. போட்டு ட்ரெக் காசை எடுத்துடலாம்"னு ஆபீஸ்ல யாராவது சொல்வாங்க. கணக்கு போட்டுப் பாருங்க.

சம்பளம் வருஷத்துக்கு 9 லட்சம். புதிய முறையில வரி பூஜ்யம் (சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரை அப்படித்தான்). பழைய முறையில நிலையான கழிவு 50,000, 80சி-யில முழு 1.5 லட்சம், எல்.டி.ஏ. 25,000 எல்லாம் கழிச்சாலும் 6.75 லட்சம் நிக்கும். செஸ்ஸோட வரி 49,400 ரூபாய். எல்.டி.ஏ. மிச்சப்படுத்தினது அதுல வெறும் 5,200! அதுக்காக 49,400 கட்டுவீங்களா?

வீட்டு வாடகை, வீட்டுக் கடன் எல்லாம் சேர்ந்து பழைய முறையே லாபம்னு இருக்கிறவங்க மட்டும் கிளெய்ம் பண்ணுங்க. அவங்களுக்கும் போக்குவரத்துக் கட்டணம் மட்டும்தான். விமானம்னா எகானமி கிளாஸ், குறுகிய வழி. கைடு, டென்ட், சாப்பாடு, ஹோட்டல் எதுவும் வராது. 4 வருஷ பிளாக்ல 2 பயணம். இப்ப ஓடுறது 2026–2029. போகாமலே போலி டிக்கெட் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

மத்தவங்க போனஸ்ல ஒரு பங்கை ஒதுக்குங்க, மீதிக்கு 10 மாசம் ஆர்.டி. போடுங்க. டூர் இ.எம்.ஐ. பக்கமே போகாதீங்க.

இன்சூரன்ஸ்லதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. கம்பெனி மெடிக்கல் பாலிசி பொதுவா ஆஸ்பத்திரி செலவுக்குத்தான். மலையிலிருந்து கீழே கொண்டுவர்ற செலவு அதுல இருக்கும்னு நம்பி ஏறாதீங்க. தனியா டிராவல் பாலிசி எடுத்தாலும், ட்ரெக்கிங் உண்டா, எத்தனை மீட்டர் உயரம் வரைன்னு பாருங்க. கோச்சாலா பாதை 4,500 மீட்டரைத் தாண்டும். பதிலை மெயில்ல வாங்கிட்டு அப்புறம் பிரீமியம் கட்டுங்க.