வைக்காத புள்ளி

பிரேசிலின் மராபா நகரிலிருந்து பெலெமுக்கு விமானத்தில் 48 நிமிடம். 1989 செப்டம்பர் 3 அன்று மாலை 5.25க்கு வாரிக் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் 54 பேருடன் மராபாவிலிருந்து கிளம்பியது. பெலெம் இருப்பது வடக்கே, சற்றுக் கிழக்காகச் சாய்ந்து. அந்தப் பக்கம் போகிற விமானத்தில் மாலை வெயில் இடது ஜன்னல் வழியாக விழ வேண்டும். அன்று சூரியன் விமானிகளுக்கு நேர் எதிரே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வழியில் அடிக்கடி போய்வந்த பயணிகள் சிலருக்கே வெயில் இடம் மாறியிருப்பது உறைத்தது.

நடந்தது இதுதான். விமானிகள் திசையை டிகிரியில் சொல்வார்கள். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. பெலெமுக்குப் போக 27 டிகிரி. பழைய பயணத் திட்டத் தாளில் இது 027 என்று மூன்று இலக்கத்தில் இருக்கும். நிறுவனம் கொண்டுவந்த புதிய தாளில் நான்கு இலக்கம்: 0270. கடைசி இலக்கம் டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. அதாவது 27.0. ஆனால் புள்ளியை அச்சடிக்கவில்லை. இந்த மாற்றம் வந்தபோது கேப்டன் விடுப்பில் இருந்தார்.

ஓலை கிழிந்துவிடும் என்று நம் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை. வாரிக் தாளும் அதே நம்பிக்கையில்தான் அச்சானது. விமானத்தின் திசைக் கருவியிலோ மூன்று இலக்கத்துக்குத்தான் இடம். ஒரு சைபரை விட்டாக வேண்டும். முன்னால் நிற்பதையா, பின்னால் நிற்பதையா? முன்னால் நிற்கும் சைபருக்கு மதிப்பில்லை என்றுதானே பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள்! கேப்டன் அதை விட்டுவிட்டு 270 என்று வைத்தார். நேர் மேற்கு. அமேசான் காடு.

இதுவரை நடந்ததை என்னால் மன்னிக்க முடிகிறது. அடுத்ததுதான் உறுத்துகிறது. விமானத்தை வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு வந்த துணை விமானி, தன் பக்கத்துக் கருவியிலும் திசையை வைக்க வேண்டும். தாளை எடுத்துப் பார்க்காமல், கேப்டன் பக்கம் எட்டிப் பார்த்தார். 270. தானும் 270 வைத்தார். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் அவனுடைய தப்பையும் சேர்த்துத்தான் எழுதுவான். காக்பிட்டில் இரண்டு பேர் உட்காருவது ஒருவர் தவறினால் இன்னொருவர் பிடிப்பார் என்பதற்காக. இங்கே இரண்டு கருவிகளும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தின. இரண்டுமே தவறு.

25 ஆண்டு தாண்டியும் இதே கதை நடந்தது. 2015 மார்ச் 10, சிட்னி. கோலாலம்பூர் கிளம்பவிருந்த ஏர் ஏசியா எக்ஸ் ஏர்பஸ் விமானத்தில், தான் நிற்கும் இடத்தைக் கேப்டன் கணினியில் பதிந்தார். வழக்கமாக அது துணை விமானியின் வேலை. அன்று இருவரும் வேலையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். தீர்க்க ரேகை 15109.8 என்று இருக்க வேண்டியது 01519.8 என்று விழுந்தது. சிட்னியில் நிற்கும் விமானம், 11,000 கிலோமீட்டர் தள்ளி, தென்னாப்பிரிக்காவை ஒட்டிய கடலில் தான் இருப்பதாக நினைத்துக்கொண்டது. திரையில் எச்சரிக்கைகள் வந்தன. அவற்றின் பொருள் இருவருக்கும் பிடிபடவில்லை. மேலே எழும்பியதும் இடது பக்கம் திரும்பி, இணை ஓடுபாதையிலிருந்து கிளம்பும் விமானங்களின் பாதையைக் குறுக்கே வெட்டியது. சிட்னியில் மேகம் தாழ்ந்திருந்ததால் திரும்பி இறங்கவும் முடியாமல், கோலாலம்பூர் போக வேண்டியவர்கள் மெல்பர்னில் இறங்கினார்கள். யாருக்கும் காயமில்லை.

பார்க்காமல் விடுவது ஒரு வகை என்றால், பார்த்தும் அழுத்திச் சொல்லாமல் விடுவது இன்னொரு வகை. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று சக்கரக் கோளாறை ஆராய்ந்தபடி ஒரு மணி நேரம் வானில் வட்டமிட்டது. எரிபொருள் குறைவதைக் காக்பிட்டில் இருந்த மற்ற இருவரும் கேப்டனிடம் சொல்லத்தான் செய்தார்கள். நிலைமையின் அவசரம் அந்தச் சொற்களில் ஏறவில்லை. “சார், கொஞ்சம் பார்த்துக்கலாமா?” என்று நம் அலுவலகங்களில் இழுக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த ரகம். எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 10 பேர் இறந்தனர். மேலதிகாரி காது கொடுத்துக் கேட்கவும், கீழிருப்பவர் துணிந்து சொல்லவும் பயிற்சி வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகுதான் வலுப்பெற்றது. 1979இல் நாசா ஒரு பட்டறை கூட்டியது. 1981இல் யுனைடெட்டே தன் விமானிகளுக்கு அந்தப் பயிற்சியைத் தொடங்கியது. இன்று உலகெங்கும் விமானிகளுக்கு அது கட்டாயப் பாடம்.

பயிற்சி மட்டும் போதவில்லை என்பதற்குக் கொலம்பியாவின் காலி நகர விபத்தே சாட்சி. 1995 டிசம்பர் 20 இரவு, ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்தை நினைத்து அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானி ‘ஆர்’ என்ற ஓர் எழுத்தைக் கணினியில் தட்டினார். கணினிக்கு ‘ஆர்’ என்றால் போகோட்டா பக்கத்தில் இருந்த ரோமியோ. விமானம் இருட்டில் இடது பக்கம் திரும்பியது. மாற்றத்தை ஏற்கும் முன் இருவரும் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. இறங்குகிற அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை. பிறகு அவர்கள் வலப்பக்கம் திருப்பியபோது நடுவே மலை இருந்தது. 159 பேர் இறந்தனர்.

வாரிக் விமானத்துக்கு வருவோம். நேரமாகியும் பெலெமின் விளக்குகள் தெரியவில்லை. தாண்டி வந்துவிட்டோமோ என்று கேப்டன் திரும்பினார். கீழே தெரிந்த ஆற்றை அமேசான் என்று எடுத்துக்கொண்டார்கள், அது ஷிங்கு. பக்கத்து ஊர்களின் வானொலி நிலையங்களைத் தேடினார்கள். அதே அலைவரிசையில் இயங்கிய, வெகு தூரத்து ஊர்களின் சமிக்ஞை கிடைத்தது. ஒவ்வொரு நிலையமும் தன் அடையாளத்தை மோர்ஸ் ஒலியில் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுச் சரிபார்க்கவில்லை.

மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்து, எரிபொருள் தீர்ந்து, கும்மிருட்டில் மரங்களின் மீது இறக்கினார் கேப்டன். 12 பேர் இறந்தார்கள். 42 பேர் பிழைத்தார்கள். அந்த இடம் பெலெமிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். உயிர் பிழைத்தவர்களில் நான்கு பேர் காட்டுக்குள் நடந்து, இரண்டு நாள் கழித்து ஒரு பண்ணையை அடைந்த பிறகுதான் விமானம் எங்கே விழுந்தது என்பது வெளியே தெரிந்தது.