'தி சிக்னல்மேன்': விக்டோரியா காலச் சிறுகதையும் குழு வாசிப்பும்

முன்னுரை

விக்டோரியா அரசியார் காலத்து ஆங்கிலச் சிறுகதைகள் பல இதழ்களில் வெளிவந்தவை. வீடுகளில் ஒருவர் வாய்விட்டுப் படிக்கப் பிறர் செவிமடுத்தவை. எனவே, அவற்றைக் குழுவாகப் படித்துக் கலந்துரையாடுவது அவற்றின் இயல்புக்கு ஏற்றதாகும். சார்லஸ் டிக்கன்ஸின் 'தி சிக்னல்மேன்' கதையைக் கொண்டு அம்முறையை இக்கட்டுரை விளக்குகின்றது.

பின்னணி

இக்கதை 1866ஆம் ஆண்டு, டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' இதழின் கிறிஸ்துமஸ் சிறப்பிதழில் வெளிவந்தது. 1865 ஜூன் 9ஆம் நாள், ஸ்டேபிள்ஹர்ஸ்ட் அருகே அவர் பயணம் செய்த இரயில் தடம்புரண்டு 10 பேர் மாண்டனர். அவர் உயிர் தப்பிக் காயமுற்றோருக்கு உதவினார். இச்செய்தியைக் குழுவினருக்கு இறுதியில் கூறுவதே நன்று. முதலிலேயே கூறினால் கதை வெறும் வாழ்க்கைக் குறிப்பாகச் சுருங்கிவிடும்.

நிறுத்திப் பேசவேண்டிய இடங்கள்

சுரங்கப் பாதையருகே பணிபுரியும் சைகையாளர் ஓர் உருவத்தைக் காண்கின்றார். அது முதன்முறை தோன்றிய ஆறு மணி நேரத்திற்குள் பெருவிபத்து நிகழ்கின்றது; மறுமுறை தோன்றிய அன்றே ஓர் இளம்பெண் இரயிலில் இறக்கின்றாள். அது மூன்றாம் முறையும் வரும்போது, ஆபத்து எங்கே என்றறியாமல் அவர் தவிக்கின்றார். இங்கு வாசிப்பை நிறுத்தி, 'அவர் என்ன செய்திருக்கலாம்?' என வினவ வேண்டும். தந்தி அனுப்பலாம் என்பது எளிதில் தோன்றும் விடை. காரணம் கூறாமல் அனுப்பினால் பித்தரெனக் கருதிப் பணிநீக்கம் செய்வர் என்று அவரே கூறுவதை அப்போது சுட்டிக்காட்டலாம். பொறுப்பு முழுவதும் அவருடையது. அதிகாரம் சிறிதும் இல்லை.

இரண்டாவது இடம், கதைசொல்லியின் முடிவு. மேலதிகாரிகளிடம் கூறாது, அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல எண்ணுகின்றார். மறுநாள் மாலை வரும்போது, சைகையாளர் அன்று காலையிலேயே இரயில் மோதி இறந்துவிட்டதை அறிகின்றார். இம்முடிவு பரிவா, தயக்கமா?

மூன்றாவது, இறுதிப் பகுதி. இரயிலோட்டி கூவிய சொற்களுள் சில, கதைசொல்லி தம் மனத்தில் மட்டுமே எண்ணியவை. அவ்வாறாயின் அவரது பகுத்தறிவு விளக்கம் எவ்வளவு நம்பத்தக்கது? இதற்கு ஒரே விடையை ஆசிரியர் வழங்கலாகாது. ஒவ்வொரு கருத்துக்கும் கதையிலிருந்தே சான்று காட்டச் செய்தல் வேண்டும்.

முடிவுரை

பேய்க்கதை எனத் தொடங்கும் உரையாடல், தொழிலாளியின் அச்சத்தைச் செவிமடுத்தும் அதனை நோயெனவே கருதியது சரியா என்னும் வினாவில் வந்து முடியும். அந்நிலையை எய்துவதே குழு வாசிப்பின் பயனாகும்.