டிரை ஃபுட்டா, வெட் ஃபுட்டா: பூனைத் தட்டுல எவ்வளவு தண்ணி இருக்கு?

போன எபிசோட்ல பூனை வளர்க்க மாசம் எவ்வளவு செலவாகும்னு பேசினோம். அதுக்கப்புறம் வந்த வாய்ஸ் நோட்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "டிரை ஃபுட் நல்லதா, வெட் ஃபுட் நல்லதா?" இன்னைக்கு முழுக்க அதுதான். முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. கோட் எழுதிச் சம்பாதிக்கிற ஆள். வீட்ல வடைன்னு ஒரு பூனை இருக்கான், வயசு 4. பாக்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிற எண்களைப் பார்த்தா கணக்குப் போடாம இருக்க முடியாது, அது தொழில் வியாதி. அந்தக் கணக்கைத்தான் இன்னைக்கு உங்ககூட போட்டுப் பார்க்கப் போறேன்.

இன்னொரு சின்ன விஷயம். ஈரமான சாப்பாட்டுக்கும் 'வெட்', கால்நடை மருத்துவருக்கும் 'வெட்'. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாயிடுது. அதனால டாக்டரை டாக்டர்னே சொல்றேன்.

முதல்ல பூனையோட உடம்பு எப்படிப்பட்டதுன்னு பார்த்துடலாம். நம்ம வீட்டுப் பூனையோட மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. வறண்ட பூமியில எலியும் பறவையும் பிடிச்சுச் சாப்பிட்டு வாழ்ந்த ஜீவன். எலியோட உடம்புல கிட்டத்தட்ட 70 சதவீதம் தண்ணி. அதாவது பூனைக்குச் சாப்பாடும் தண்ணியும் ஒரே பொட்டலத்துல வந்துச்சு. குளம் தேடிப் போய்க் குடிக்க வேண்டிய அவசியம் குறைவு. அதனால ரெண்டு விஷயம் அதோட உடம்புல பதிஞ்சுபோச்சு: தாகம் கம்மி, சிறுநீர் ரொம்ப அடர்த்தி. பாலைவனத்துக்கு அருமையான டிசைன். ஃப்ளாட்ல உட்கார்ந்து கிபிள் சாப்பிடறப்போதான் அது சிக்கலாகுது.

இப்போ எண்களுக்கு வரலாம். கருத்தடை பண்ணின, வீட்டுக்குள்ளேயே இருக்கிற 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கிலோகலோரி போதும். தண்ணி, கிலோவுக்கு 50 மில்லின்னு வச்சா சுமார் 200 மில்லி, அதாவது நம்ம வீட்டு டம்ளர்ல ஒரு டம்ளர்.

டிரை ஃபுட் மட்டும் போட்டா அந்த 200 கலோரிக்கு 55 கிராம் போதும். அதுல இருக்கிற தண்ணி சுமார் 5 மில்லிதான். மிச்சம் 195 மில்லியைப் பூனையே கிண்ணத்துல நக்கிக் குடிக்கணும். வெட் ஃபுட் மட்டும்னா, 85 கிராம் பவுச் ஒண்ணுல 70 கலோரி இருக்குன்னு எடுத்துக்கிட்டா, நாளைக்கு மூணு பவுச். மொத்தம் 255 கிராம், அதுல தண்ணி மட்டும் 200 மில்லிக்கு மேல. கிண்ணத்துப் பக்கமே போகலைன்னாலும் கணக்கு சரியாயிடுது.

டிரை சாப்பிடற பூனை தண்ணி அதிகமாத்தான் குடிக்கும், அதை மறுக்கலை. ஆனா அந்த வித்தியாசம் முழுசையும் அது பொதுவா ஈடுகட்டறதில்லை. மொத்தமா உள்ளே போற தண்ணி குறைவாத்தான் இருக்கும்.

அதனால என்ன ஆகும்? பல பூனைகளுக்கு ஒண்ணும் ஆகாது. வருஷக்கணக்கா டிரை ஃபுட் மட்டுமே சாப்பிட்டு ஆரோக்கியமா இருக்கிற பூனைகள் நிறைய உண்டு. "டிரை ஃபுட் கொடுத்தா கிட்னி போயிடும்"னு இன்ஸ்டாகிராம்ல பயமுறுத்தறாங்களே, அதை அவ்வளவு உறுதியா சொல்ல ஆதாரம் இல்லை. ஆனா ஒரு இடத்துல தண்ணி நிஜமாவே உயிர்ப் பிரச்சினை. அது ஆண் பூனையோட சிறுநீர்க் குழாய்.

அடைப்பு

ஆண் பூனைக்கு அந்தக் குழாய் நீளம், அதோட நுனியில ரொம்பக் குறுகல். சிறுநீர்ல உருவாகிற படிகம், சளி மாதிரியான கழிவு எல்லாம் சேர்ந்து அங்கே அடைச்சுக்கும். சிறுநீர் வெளியேறாது, ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறும். ஒண்ணு ரெண்டு நாள்ல உயிரே போயிடும்.

என் நண்பனோட பூனைக்கு இது நடந்துச்சு. 5 வயசு, கொஞ்சம் குண்டு, பிறந்ததிலிருந்து டிரை மட்டும். ஒரு ஞாயித்துக்கிழமை மண் டப்பாவுக்குப் போறதும் வர்றதுமா இருந்தான். உட்கார்ந்து முக்கறான், கத்தறான், ஒண்ணும் வரலை. நண்பனோட அம்மா "மலச்சிக்கல்டா, கொஞ்சம் விளக்கெண்ணெய் கொடு"ன்னு சொன்னாங்க. நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்கா ஏற்கெனவே இதைப் பார்த்தவங்க. அவங்க சொன்னதுமே கூடையில போட்டு ஆட்டோ பிடிச்சாங்க. குழாய் போட்டு, ட்ரிப்ஸ் ஏத்தி, மூணு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தான். கிளம்பும்போது டாக்டர் சொன்னது: எடையைக் குறைங்க, மன அழுத்தம் இல்லாம பார்த்துக்கங்க, தண்ணி உள்ளே போக வைங்க.

கவனிங்க, சாப்பாடு மட்டும் காரணம்னு அவர் சொல்லலை. வீட்டுக்குப் புதுசா ஆள் வர்றது, மண் டப்பா அழுக்கா இருக்கிறது, உடம்பு அசையாம கிடக்கிறது எல்லாமே இதுல சேரும். ஆனா நம்ம கையில உடனே மாத்தக்கூடியது தண்ணிதான். ஆண் பூனை திரும்பத் திரும்ப மண் டப்பாவுக்குப் போய் சிறுநீர் வராம முக்கினா, காலையில பார்த்துக்கலாம்னு படுக்காதீங்க. ராத்திரி 2 மணியா இருந்தாலும் கிளம்புங்க.

அப்போ டிரை ஃபுட்டை ஊறவச்சுடலாமே?

இதையும் நிறைய பேர் கேட்டிருந்தீங்க. 2011-ல பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரே டிரை ஃபுட்டை எடுத்து, தண்ணி கலந்து, ஈரப்பதம் சுமார் 6, 25, 53, 73 சதவீதம்னு நாலு விதமாக் கொடுத்துப் பார்த்தாங்க. பூனைகள் எண்ணிக்கை கம்மிதான், ஆனா முடிவு சுவாரசியம்: 73 சதவீதத்துல மட்டும்தான் மொத்தமாப் போன தண்ணி தெளிவாக் கூடி, சிறுநீர் நீர்த்துப் போச்சு. நடுவுல இருக்கிற அளவுகள்ல பெரிய மாற்றம் இல்லை. சாப்பாட்டுல கொஞ்சம் ஈரம் ஏறினா பூனை கிண்ணத்துல குடிக்கிறதைக் குறைச்சுக்குது.

அதனால கிபிள் மேல ஒரு ஸ்பூன் தண்ணி தெளிக்கிறது நம்ம மனசுக்குத்தான் ஆறுதல். போறதுன்னா 70 சதவீதத்துக்குப் பக்கத்துல போகணும். கிபிளை அந்த அளவுக்குக் கஞ்சியா ஊறவச்சா பாதிப் பூனைங்க முகத்தைத் திருப்பிக்கும்.

இங்கேதான் காசு உள்ளே வருது. ஒரு பவுச் 45 ரூபாய்னு வச்சுக்கங்க. நாளைக்கு மூணுன்னா மாசம் 4,050 ரூபாய். டிரை கிலோ 400 ரூபாய்னா மாசத்துக்கு 660 ரூபாய். ஆறு மடங்கு வித்தியாசம். ரெண்டு பூனை இருக்கிற வீட்ல இது வாடகையோட சேர்த்து யோசிக்க வேண்டிய தொகை. "பூனையை நேசிச்சா வெட் ஃபுட்தான் கொடுப்பீங்க"ன்னு பேசறவங்ககிட்ட எனக்குக் கோபம்தான் வரும்.

நான் வடைக்குப் பண்றது கலவை: ஒரு நாளைக்கு ஒரு பவுச், 36 கிராம் டிரை. மாசம் சுமார் 1,800 ரூபாய். ஈரப்பதம் கணக்குப் போட்டா 59 சதவீதம்தான் வருது, அந்த ஆய்வுல பலன் தெரியாத 53-க்குக் கொஞ்சம் மேல. சரி, தண்ணி இலவசம்தானே? பவுச்சோட 3 டேபிள் ஸ்பூன், அதாவது 45 மில்லி, வெதுவெதுப்பான தண்ணி கலக்கறேன். 59 சதவீதம் 70 ஆயிடுது. கிபிள்ல தண்ணி ஊத்தினா முறைக்கிற பய, கிரேவியில ஊத்தினா ரசம் மாதிரி உறிஞ்சறான். காலையில பாதி, ராத்திரி பாதி. மிச்ச பாதிப் பவுச்சை மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கலாம்.

ஏற்கெனவே அடைப்போ கல்லோ வந்த பூனைன்னா இந்தக் கணக்கெல்லாம் தள்ளி வச்சிடுங்க. அதுக்குத் தனி சிகிச்சை உணவு இருக்கு, டாக்டர் சொல்றதுதான்.

லேபிள் காமெடி

கடையில ஒருத்தர் சொல்லுவார்: "சார், இந்த டிரைல புரோட்டீன் 32 சதவீதம், அந்தப் பவுச்ல வெறும் 9." ரெண்டும் உண்மை, ஆனா யூனிட் வேற. தண்ணியைக் கழிச்சுட்டு ஒப்பிடணும். டிரைல ஈரப்பதம் 10, மிச்சம் 90. 32-ஐ 90-ஆல வகுத்தா 36 சதவீதம். பவுச்ல ஈரப்பதம் 82, மிச்சம் 18. 9-ஐ 18-ஆல வகுத்தா 50 சதவீதம். இந்த ரெண்டு பாக்கெட்ல பவுச்தான் மேல. போன்ல கால்குலேட்டர் இருக்கு, கடையிலேயே போட்டுப் பார்த்துடலாம்.

டிரைல மாவுச்சத்து அதிகமா இருக்கிறதுக்கும் ஒரு தயாரிப்புக் காரணம் உண்டு. மாவைச் சூட்டுலயும் அழுத்தத்துலயும் அச்சு வழியாத் தள்ளித்தான் கிபிள் பொரியுது, கிட்டத்தட்ட நம்ம குர்குரே மாதிரி. மாவுச்சத்து இல்லைன்னா அந்த வடிவம் நிக்காது. வெந்த மாவுச்சத்தை ஆரோக்கியமான பூனை ஓரளவு ஜீரணிச்சுக்கும், அது விஷம் இல்லை. எனக்குத் தெரிஞ்சு பெரிய ஆபத்து எப்பவும் நிரம்பி வழியற கிண்ணம்தான். தினம் 10 கிராம் கிபிள் கூடினா 36 கலோரி, அந்தப் பூனையோட தேவையில 18 சதவீதம். ஒரு கைப்பிடிக்குள்ள அடங்கிப்போற அளவு அது. கிச்சன் தராசு 300, 400 ரூபாய்க்குக் கிடைக்குது, வாங்கிடுங்க.

லேபிள்ல இன்னொண்ணு, இது முழுமையான உணவா, துணை உணவான்னு பாருங்க. ட்யூப்ல வர்ற கிரீமி ஸ்நாக் பெரும்பாலும் துணை உணவு. ஈரமா இருக்கேன்னு அதையே சாப்பாடாக் கொடுக்கக் கூடாது. கிபிள் கடிச்சா பல் சுத்தமாகும்ங்கிறதும் பெரும்பாலும் கதைதான். பல்லுக்குன்னே செய்யற பெரிய சைஸ் கிபிளுக்கு ஓரளவு பலன் உண்டு, சாதாரண கிபிளை நிறைய பூனைங்க அப்படியே முழுங்கிடுது.

"ரெண்டுமே வேண்டாம், எங்க வீட்ல மத்தி மீனும் சாதமும்தான்"னு ஒரு நேயர் மதுரையிலிருந்து சொல்லியிருந்தார். ஈரம் இருக்கு, ஆசையாவும் சாப்பிடும். பிரச்சினை டாரின். பூனையோட உடம்பு தேவையான அளவு அதைத் தானே தயாரிச்சுக்காது. டாரின் குறைஞ்சா பூனையோட விழித்திரை கெடும்னு 1975-லேயே தெரிஞ்சுபோச்சு. 1987-ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், அதனால இதயமும் வீங்கிப் பலவீனமாகுதுன்னு காட்டினாங்க. அந்தப் பூனைகள் சாப்பிட்டது கடையில வித்த உணவுதான்! அதுக்கப்புறம்தான் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டினாங்க. கம்பெனிக்கே அப்போ தப்பிப்போன கணக்கு அது, நம்ம சமையலறையில சரியா வரும்னு நம்ப முடியாது. வேகவச்ச தண்ணியைக் கொட்டினா டாரின்ல ஒரு பங்கு அதோடவே போயிடும். மீன் குழம்புல வெங்காயம், பூண்டு வேற இருக்கு, அது ரெண்டும் பூனையோட ரத்தச் சிவப்பணுவை அழிக்கும். எப்பவாவது உப்பில்லாம வேகவச்ச மீன் ஒரு துண்டு, சரி. தினமும் அதுவே சாப்பாடுன்னா டாக்டரைக் கேட்டுட்டுப் பண்ணுங்க.

நம்ம ஊரு வெயிலுக்கு வருவோம். மே மாசம் சென்னையில வெட் ஃபுட்டை வெளியில வச்சா ஒரு மணி நேரத்துக்குள்ள எடுத்துடறது நல்லது. கெட்டுப்போறதுக்கு முன்னாடி எறும்பு வந்துடும், அது வேற. (தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல கிண்ணத்தை வைங்க, பாட்டி காலத்து வித்தை.) 9 மணிக்குக் கிளம்பி ராத்திரி 8 மணிக்கு வர்றவங்களுக்கு, பகல்ல டிரை ஃபுட்தான் ஒரே வழி. அதோட நிஜமான பலம் இதுதான். ஆனா திறந்த பாக்கெட்டை ஒரு மாசம், ஒன்றரை மாசத்துக்குள்ள முடிச்சுடுங்க. காத்துப்பட்டா கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், மழைக்காலத்துல பூஞ்சையும் பிடிக்கும். மலிவா இருக்கேன்னு ஒத்தைப் பூனைக்கு 7 கிலோ மூட்டை வாங்கறது லாபம் இல்லை.

கடைசியா, மாத்தறது எப்படி. ஒரே நாள்ல மாத்தாதீங்க. 7 முதல் 10 நாள், பழசைக் குறைச்சுப் புதுசைக் கூட்டணும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பவுச்சை வெந்நீர்ல கொஞ்ச நேரம் வச்சு வெதுவெதுப்பாக்குங்க, வாசனை கிளம்பும். குட்டியா இருக்கும்போதே ரெண்டு விதமும் பழக்கினவங்களுக்கு இது சுலபம். கிபிள் மட்டுமே பார்த்து வளர்ந்த 6 வயசுப் பூனை, கிரேவியைச் சாப்பாடுன்னே ஒத்துக்காது. "பசிச்சா தானா சாப்பிடும்"னு மட்டும் விட்டுடாதீங்க. நாய்க்குச் சரிப்படலாம். பூனை, அதுவும் குண்டுப் பூனை, ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா கல்லீரல்ல கொழுப்பு குவிஞ்சு உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்க எதுவும் தொடலைன்னா, பழைய சாப்பாட்டையே வச்சுடுங்க, டாக்டருக்கும் போன் பண்ணுங்க.

அடுத்த எபிசோட்ல பூனை மண்: பென்டோனைட்டா, மரவள்ளியா, டோஃபுவா? கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் போடுங்க.