உப்பு மண்ணில் ஒரு பசுமைப் பாய்

பூச்செடிக்குத் தொடர்ந்து உப்புநீர் ஊற்றினால் அது வாடிவிடும். வேருக்கு வெளியே உப்பு மிகுந்தால், வேரால் நீரை உறிஞ்ச முடியாது. உள்ளே இருக்கும் நீரும் வெளியேறும். சவ்வூடுபரவல் பாடத்தில் இதைப் படித்திருப்பீர்கள். ஆனால், ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிகளில் உப்பு மண்ணிலேயே படர்ந்து வளரும் ஒரு குறுஞ்செடி உண்டு. அதன் பெயர் 'கிரீப்பிங் சால்ட்புஷ்'. அறிவியல் பெயர் ஏட்ரிப்ளெக்ஸ் செமிபக்காட்டா. நாம் உண்ணும் முளைக்கீரையும் பீட்ரூட்டும் இதன் உறவுக்காரர்களே!

எப்படிச் சமாளிக்கிறது?

இச்செடி உப்பைத் தன் செல்களுக்குள் சேர்த்துக்கொள்கிறது. செல்சாறு மண்ணிலுள்ள நீரைவிடச் செறிவாக இருப்பதால், நீர் வேருக்குள் நுழைகிறது. மிஞ்சிய உப்பு, இலையின் மேலுள்ள பலூன் போன்ற நுண்பைகளுக்குப் போகிறது. பைகள் உடைந்தால் இலையில் வெண்பொடி படியும். அது வெயிலைப் பிரதிபலித்து, இலை சூடேறுவதைக் குறைக்கிறது.

உழவருக்கு ஏன் தேவை?

மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை பயிரிட, ஆழமாக வேரூன்றும் மரங்களை வெட்டினார்கள். கோதுமையின் வேர் அவ்வளவு நீரைக் குடிப்பதில்லை. அதனால் நிலத்தடி நீர் மேலேறியது. மண்ணுக்குள் புதைந்திருந்த உப்பும் கூடவே வந்தது. வயல்கள் வெளுத்துப் பாழாயின. இத்தகைய நிலங்களில் சால்ட்புஷ் இனங்களை நடுகிறார்கள். அவை மண்ணை மூடி அரிப்பைத் தடுக்கின்றன. ஆடுகளுக்குத் தீவனமும் ஆகின்றன. இலையில் உப்பு அதிகம் என்பதால், ஆடுகளுக்கு நல்ல தண்ணீரும் வேறு தீவனமும் கொடுத்தாக வேண்டும்.

விதையின் உறையிலும் உப்பு உண்டு. அதனால் ஊறவைத்துக் கழுவியபின் விதைப்பது நல்லது. தொடக்கத்தில் மட்டும் நீர் ஊற்றினால் போதும். வேர் பிடித்தபின் வறட்சியைத் தாங்கும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது.

எங்கும் நடலாமா?

கூடாது. தீவனத்துக்காகக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன இதே செடி, அங்கே களையாகப் பரவி உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது. பிறந்த மண்ணில் துணை. அயல் மண்ணில் தொல்லை!

செய்து பாருங்கள்

மூன்று தட்டுகளில் பஞ்சு பரப்பி, ஒவ்வொன்றிலும் பத்துப் பச்சைப்பயறு இடுங்கள். முதல் தட்டுக்கு வெறும் நீர். இரண்டாவதற்கு ஒரு குவளை நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. மூன்றாவதற்கு இரண்டு தேக்கரண்டி. ஐந்து நாள் கழித்து, முளைத்தவற்றை எண்ணி அட்டவணைப்படுத்துங்கள். உப்பு மண்ணில் வளர்வது எவ்வளவு கடினம் என்பது அப்போது புரியும்.