போர் பெற்றெடுத்த குடும்பப் பெயர்: மவுன்ட்பேட்டன் வின்ட்சர்

2025 ஒக்டோபர் 30ஆம் திகதி, பிரித்தானிய மன்னர் சார்ள்ஸின் சகோதரர் அன்ட்ரூவின் இளவரசர் பட்டம் பறிக்கப்படுவதாக பக்கிங்ஹாம் அரண்மனை அறிவித்தது. இனி அவர் ‘அன்ட்ரூ மவுன்ட்பேட்டன் வின்ட்சர்’ என்றே அழைக்கப்படுவார் என்றும் அது கூறியது. கேட்பதற்குப் பல நூற்றாண்டுப் பழமை கொண்டதுபோல் தோன்றும் இந்தக் குடும்பப் பெயரின் இரண்டு பகுதிகளும், முதலாம் உலகப் போரின் நடுவே, 1917 ஜூலை என்ற ஒரே மாதத்தில் சூட்டிக்கொள்ளப்பட்டவை.

அதுவரை அரச குடும்பத்தின் பெயர் சாக்ஸ்-கோபர்க்-கோதா. விக்டோரியா மகாராணியின் கணவர் அல்பேர்ட் ஜேர்மனியர் என்பதால் வந்த பெயர் அது. 1914இல் போர் மூண்டதும் ஜேர்மன் பெயர் வைத்திருப்பதே குற்றம் என்றாகிவிட்டது. 1915 மே மாதம் லூசித்தானியா பயணிகள் கப்பலை ஜேர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தபோது, பிரித்தானிய நகரங்களில் ஜேர்மன் பெயர்ப்பலகை தொங்கிய பேக்கரிகளும் இறைச்சிக் கடைகளும் அடித்து நொறுக்கப்பட்டன. ஐல் ஒவ் மான் தீவின் நொக்கலோ முகாமில் மட்டும் 20,000க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். பெயரைக் கேட்டே ஆளைச் சந்தேகிக்கும் காலம் எப்படியிருக்கும் என்பதை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பெயரை மாற்றித் தப்பிக்கவும் வழியிருக்கவில்லை. ‘எதிரி நாட்டவர்’ எனக் கணிக்கப்பட்டவர்கள் பெயர் மாற்றுவதை 1914 ஒக்டோபரிலேயே அரசாங்கம் தடை செய்துவிட்டது.

மேல்மட்டத்திலும் அந்தச் சந்தேகம் பாய்ந்தது. பட்டன்பேர்க் இளவரசர் லூயி, 14 வயதில் பிரித்தானியக் குடியுரிமை பெற்று அதன் கடற்படையில் சேர்ந்தவர். படிப்படியாக உயர்ந்து 1912இல் அதன் தலைமைத் தளபதியானவர். நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட சேவையும் அவரைக் காப்பாற்றவில்லை. ஜேர்மன் பிறப்புக் குறித்துப் பத்திரிகைகள் கிளப்பிய கூச்சலில், 1914 ஒக்டோபர் இறுதியில் பதவி விலகினார்.

1917 ஜூன் 13ஆம் திகதி ஜேர்மன் விமானங்கள் லண்டன் மீது குண்டு வீசின. 162 பேர் கொல்லப்பட்டனர். பொப்லர் பகுதியில் பாடசாலை ஒன்றில் விழுந்த குண்டு 18 பிள்ளைகளைப் பலிகொண்டது. பெரும்பாலானோர் ஐந்து வயதை அண்டியவர்கள். அந்த விமானத்தின் பெயர் ‘கோதா’. மன்னரின் குடும்பப் பெயரிலும் அதே ஊர்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து, ஜூலை 17ஆம் திகதி, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் தமது குடும்பப் பெயரை வின்ட்சர் என மாற்றிப் பிரகடனம் செய்தார். யோசனை அவருடைய அந்தரங்கச் செயலாளர் ஸ்டாம்ஃபோர்ட்ஹாம் பிரபுவினுடையது. வின்ட்சர், தேம்ஸ் நதிக்கரை ஊர். கயிறு சுற்றி இழுக்கும் உருளை பொருத்திய கரை என்பதே அதன் பழைய ஆங்கிலப் பொருளாகக் கொள்ளப்படுகிறது. அங்குள்ள கோட்டையைக் கட்டத் தொடங்கியவரோ, பிரான்ஸிலிருந்து படையெடுத்து வந்த நோர்மன் மன்னர் வில்லியம்!

லூயி குடும்பம் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டது. ஜேர்மன் மொழியில் ‘பேர்க்’ என்றால் மலை. அதற்கான ஆங்கிலச் சொல்லை முன்னே வைத்தார்கள். பட்டன்பேர்க் மவுன்ட்பேட்டன் ஆயிற்று. (இளஞ்சிவப்பும் மஞ்சளும் கட்டம் கட்டமாக இருக்கும் பட்டன்பேர்க் கேக் மட்டும் இன்றும் பழைய பெயரிலேயே விற்பனையாகிறது.) கடைக்காரருக்கு மறுக்கப்பட்ட வழி, அரண்மனைக்கு ஒரு கையொப்பத்தில் திறந்தது.

அந்தப் பெயர் நமது தீவுக்கும் வந்தது. லூயியின் மகன் மவுன்ட்பேட்டன் பிரபு, இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தளபதியாக, 1944 ஏப்ரலில் தமது தலைமையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்கு மாற்றி, பேராதனைப் பூங்காவில் அமைத்தார். இந்தியாவின் கடைசி வைசிராயும் அவரே. 1955இல், தந்தை இழந்த அதே கடற்படைத் தலைமைப் பதவியில் அமர்ந்தார்.

அவருடைய சகோதரியின் மகன் பிலிப், கிரேக்க அரச குடும்பத்தவர். 1947இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்றபோது தாய்வழிப் பெயரான மவுன்ட்பேட்டனை எடுத்துக்கொண்டு, அதே ஆண்டில் எலிசபெத்தை மணந்தார். ஆனால் 1952இல் அரியணையேறிய எலிசபெத், பிள்ளைகள் வின்ட்சர் பெயரையே தாங்குவர் என அறிவித்தார். தம் பிள்ளைகளுக்குத் தம் பெயரைக் கொடுக்க முடியாமற்போனது பிலிப்பை வெகுவாக நோகச் செய்தது.

1960 பெப்ரவரி 8ஆம் திகதி ராணி ஒரு படி இறங்கிவந்தார். இளவரசர் பட்டம் இல்லாத தமது சந்ததியினர் மவுன்ட்பேட்டன்-வின்ட்சர் என்ற பெயரைத் தாங்கலாம் என அன்று அறிவிக்கப்பட்டது. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. பதினொரு நாள் கழித்துப் பிறந்த பிள்ளைதான் அன்ட்ரூ.